கட்டிலுக்கடியில் ஒரு ஜப்பானிய இரயில் நிலையம்

இரயிலைப் பார்த்துக் கையசைக்காத பிள்ளை உண்டா? பெரியவர்களான பிறகும் அந்த ஆசை பலரை விடுவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கென்றே உள்ள பொழுதுபோக்குதான் மாதிரி இரயில். "அதெல்லாம் பணக்காரர் வீட்டு விளையாட்டு, தனி அறை வேண்டும், கை நிறையக் காசு வேண்டும்" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள்தாம் அதிகம். ஆனால், ஜப்பானியர்கள் இதை வளர்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், தோட்ட வீட்டுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் இது பொருந்தும் என்பது விளங்கும்.

சின்ன வீடு, சின்ன இரயில்

ஜப்பானிலும் சாமானியர் வீடு சிறியதுதான். பகலில் உட்காரும் பாய்விரித்த அறையே இரவில் படுக்கையறை. ஆகவே, அங்கே பலர் தண்டவாளத்தைப் பாயின் மேலேயே பூட்டி, இரயிலை ஓட்டி மகிழ்ந்து, படுக்கப் போகுமுன் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

இதற்கு உதவியது 'என்' கேஜ் என்னும் சிறிய அளவு. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 9 மில்லிமீட்டர்தான். ஒன்பது என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தே இதற்குப் பெயராயிற்று. இன்று காட்டோ என்று உலகம் அறியும் நிறுவனம் 1965ஆம் ஆண்டில் சி50 என்ற நீராவி இயந்திரத்தை இந்த அளவில் வெளியிட்டு, ஜப்பானில் இதற்கு வழி திறந்தது. 1976இல் டோமி என்ற பொம்மை நிறுவனம் டோமிக்ஸ் என்ற பெயரில் இத்துறையில் இறங்கியது. இன்றும் இவ்விரண்டு பெயர்களே கடைகளில் முன்னே நிற்கின்றன.

ஜப்பானின் சாதாரண இரயில்பாதை 1,067 மில்லிமீட்டர் அகலம். மலாயாவின் மீட்டர் பாதையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அந்த இரயில்களை 150இல் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி செய்கிறார்கள். ஷின்கான்சென் என்னும் அதிவேக இரயில் மட்டும் 160இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கில், ஐந்தரை அடி உயர மனிதர் 11 மில்லிமீட்டர் உயரம்தான் இருப்பார். ஒரு நெல்மணியைவிடச் சற்றே பெரியவர்!

எந்த இரயிலை வாங்குவது?

கடைக்குப் போனதும் பிள்ளைகளின் கண் ஷின்கான்சென்னில்தான் விழும். 1964இல் தோக்கியோவுக்கும் ஓசாக்காவுக்கும் இடையே ஓடத் தொடங்கி உலகையே வியக்கவைத்த இரயில் அல்லவா? ஆனால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 பெட்டிகள் கொண்ட முழு இரயில் 400 மீட்டர் நீளம். மாதிரியில் அது இரண்டரை மீட்டர். நாம் கட்டப்போகும் பாதையின் மொத்தச் சுற்றே 2.3 மீட்டர்தான். இரயிலின் தலை தன் வாலையே கடிக்கும்!

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். முதல் பலகைக்கு ஏற்றது கிராமத்துக் கிளைப்பாதையில் ஓடும் டீசல் வண்டி. கிஹா 40 என்ற வகை 1977 முதல் 1982 வரை கட்டப்பட்டு, ஜப்பானின் மலைப்பாதைகளிலும் கடலோரப் பாதைகளிலும் பல ஆண்டுகள் ஓடியது. அதன் மாதிரி 14 சென்டிமீட்டர் நீளம். ஒன்று அல்லது இரண்டு பெட்டி போதும். உண்மையிலேயே அந்த ஊர்களில் அப்படித்தான் ஓடியது.

வண்டி, வட்டப்பாதை, மின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய மூன்றும் சேர்ந்த தொடக்கப் பெட்டிகளும் உண்டு. தனித்தனியாக வாங்கினால், ஒரே நிறுவனத்தின் தண்டவாளத்தையே வாங்குங்கள். காட்டோவின் துண்டும் டோமிக்ஸின் துண்டும் நேராகப் பூட்டிக்கொள்ளா.

முதலில் காகிதத்தில் ஓடட்டும்

கடைக்கு ஓடுமுன் பழைய நாளிதழ்களை ஒட்டி 2 அடிக்கு 3 அடி அளவில் ஒரு தாள் செய்யுங்கள். ஜப்பானியரும் முதல் பலகைக்கு 600 மில்லிமீட்டருக்கு 900 மில்லிமீட்டர் என்ற அளவைத்தான் பெரிதும் விரும்புகிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

டோமிக்ஸ் தண்டவாளத்தில் 280 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவுத் துண்டுகள் எட்டு சேர்ந்தால் ஒரு வட்டம். வட்டத்தை நடுவில் பிரித்து, இரு பக்கமும் 280 மில்லிமீட்டர் நேர்த்துண்டு ஒவ்வொன்றைச் செருகினால் நீள்வட்டம் கிடைக்கும். தண்டவாளத்தின் அடிப்பகுதியையும் சேர்த்து அகலம் 58 சென்டிமீட்டர், நீளம் 86 சென்டிமீட்டர். உங்கள் தாளில் சரியாக அடங்கிவிடும்.

ஒரே வட்டம் சுற்றினால் நான்கு நாளில் சலித்துவிடும். ஆகவே, கிளைப்பாதை ஒன்று வேண்டும். ஒரு பக்கத்து நேர்ப்பாதையை 140 மில்லிமீட்டர் துண்டுகள் இரண்டாக அமையுங்கள். அவற்றுள் முதலாவதன் இடத்தில் அதே நீளமுள்ள 'பாயிண்ட்' துண்டை வையுங்கள். அதிலிருந்து வட்டத்தின் உட்பக்கமாக 140 மில்லிமீட்டர் துண்டுகள் இரண்டை நீட்டினால், ஒரு வண்டி ஒதுங்கி நிற்க இடம் கிடைத்துவிடும். பாயிண்டைப் பிரதான பாதைக்குத் திருப்பினால் கிளையில் மின்சாரம் நின்றுவிடும். அங்குள்ள வண்டி தூங்கும், மற்றது ஓடும். ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்தே இரண்டு வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டலாம்.

ஒரு பாதையின் மேல் இன்னொரு பாதை ஏறிப்போகும் பாலம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு ஐந்தரை சென்டிமீட்டர் உயரம் ஏற வேண்டும். ஒரு மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் என்ற ஏற்றமே சிறிய இயந்திரத்துக்குச் செங்குத்துதான். ஏறுவதற்கு ஒன்றரை மீட்டர், இறங்குவதற்கு ஒன்றரை மீட்டர் என்றால் நம் பலகையில் இடம் ஏது? முதல் பாதை சமதரையாகவே இருக்கட்டும்.

பலகை

அரை அங்குலப் பிளைவுட் பலகை ஒன்று, அடியில் அடிக்க ஒன்றுக்கு இரண்டு அங்குலக் கட்டைகள் சில. கட்டை அடிக்காவிட்டால், நம் ஊர் ஈரக்காற்றில் பலகை வளைந்து தண்டவாள இணைப்புகள் விட்டுப்போகும். வெட்டிய ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் சாயம் பூசுங்கள். பலகையைச் சுற்றி ஓர் அங்குல உயரத்துக்குச் சட்டம் அடித்தால், தடம்புரண்ட வண்டி தரையில் விழுந்து உடையாமல் தப்பிக்கும்.

தண்டவாளத்தைப் பலகையில் பூட்டியதும் ஆணி அடிக்கவோ பசை பூசவோ அவசரப்படாதீர்கள். ஒரு வாரம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். எந்த இணைப்பில் வண்டி தயங்குகிறது, எந்த வளைவில் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். குறையைச் சரிசெய்த பிறகே நிலையாகப் பொருத்துங்கள்.

மின்சாரம்: இதை இருமுறை படியுங்கள்

தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் நேர்மின்சாரம்தான். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். மின்முனையை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். ஆபத்து தண்டவாளத்தில் இல்லை, சுவரில்தான் இருக்கிறது.

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 230 வோல்ட். ஜப்பானிலிருந்து வரவழைத்த பெட்டியிலோ அதன் அடாப்டரிலோ '100 வோல்ட்' என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அதை நம் சுவரில் நேராகச் செருகவே கூடாது. கருகிப்போவது காசு மட்டுமல்ல, வீடே தீப்பற்றலாம். '100 முதல் 240 வோல்ட் வரை' என்று இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் தேவை. அதைத் தெரிந்த மின்பணியாளரிடம் காட்டி வாங்குங்கள். பழைய சாமான் மலிவாகக் கிடைக்கிறதென்று மூடி உடைந்த பெட்டியை வாங்காதீர்கள். இடி மின்னல் வேளையிலும், ஓட்டி முடித்த பிறகும் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

மலையும் வயலும்

ஜப்பான் மலைநாடு. நெல்வயலும் தேயிலைச் சரிவும் அங்கும் உண்டு. ஓட்டுக்கூரை போட்ட சிறு நிலையம், அதன் பின்னே சிவப்பு வாயில் வைத்த கோயில், ஒரு மூலையில் மலை, அதனூடே ஒரு குகைப்பாதை. இவ்வளவு இருந்தால் ஊர் வந்துவிடும்.

மலைக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. வானொலியோ மின்விசிறியோ வாங்கியபோது பெட்டிக்குள் வந்த வெள்ளை நுரைப்பலகையை அடுக்கி, வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். வேறு பசைகளில் சில, நுரையைக் கரைத்துவிடும். அதன் மேல் பசைநீரில் நனைத்த நாளிதழ்த் துண்டுகளை இரண்டு மூன்று அடுக்கு போர்த்திக் காயவிட்டால் பாறை தயார். மரத்தூளுக்குச் சாயமேற்றினால் புல். குடித்து மீந்த காப்பித்தூளை நன்றாகக் காயவைத்தால் மண்.

குகைப்பாதையில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, வளைவில் நீளமான பெட்டியின் நடுப்பகுதி உட்பக்கமும் மூலைகள் வெளிப்பக்கமும் நீட்டிக்கொள்ளும். உங்களிடமுள்ள நீளமான பெட்டியைக் கையால் மெதுவாகத் தள்ளிப் பார்த்துச் சுவரை எழுப்புங்கள். இரண்டாவது, மலையின் பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். உள்ளே தடம்புரண்டால் கைவிட்டு எடுக்க வழி வேண்டுமல்லவா?

பெரியவர்களின் மனம்

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 'ஜப்பான் இரயில்' என்றதும் சில வீடுகளில் பேச்சு நின்றுபோகும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறக்குறைய 415 கிலோமீட்டர் பாதை போட ஜப்பானியப் படை மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோயிற்று. போனவர்களில் ஏராளமானோர் காய்ச்சலாலும் பசியாலும் அங்கேயே மடிந்தார்கள். அப்பாவுக்காகக் காத்திருந்து வளர்ந்த பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்!

அந்தப் பாதையில் ஓட்டுவதற்கென்று ஜப்பானிலிருந்து சி56 வகை இயந்திரங்கள் 90 கப்பலேற்றப்பட்டன. அவற்றுள் இரண்டு 1979இல் ஜப்பானுக்குத் திரும்பின. அந்த சி56 இன்று 'என்' கேஜ் மாதிரியாகவும் வந்திருக்கிறது. பெட்டியின் மேல் அழகான மலைப்பாதைப் படம்தான் இருக்கும். சயாமின் கதை இருக்காது.

அதனால், இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரயிலை நேசித்த ஜப்பானியத் தச்சனும் பள்ளிப் பிள்ளையும் அந்தப் பாவத்தைச் செய்தவர்கள் அல்லர். ஆனால், வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இரயிலை வாங்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்ல விரும்பினால், பிள்ளைகளை அருகில் உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த இயந்திரம் எங்கே ஓடியது என்று தெரிந்து விளையாடும் பிள்ளை, வரலாற்றையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

ஆளுக்கொரு வேலை

பலகை அறுப்பது அப்பா, கணக்குப் போடுவது அக்கா, மலை கட்டுவது தம்பி, மரத்தூளுக்குச் சாயமேற்றுவது அம்மா என்று பங்கிட்டுக்கொண்டால் ஒரு பள்ளி விடுமுறைக்குள் ஊர் உருவாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே சம்பளத்தில் வாங்கவேண்டியதில்லை. முதல் மாதம் தொடக்கப் பெட்டி, பிறகு பாயிண்ட், பிறகு நிலையம். கடன் வாங்கி ஓடும் இரயில் இன்பம் தராது.

ஓட்டி முடித்ததும் தண்டவாளத்தின் மேற்பரப்பை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், கீறல்களில் அழுக்கு இன்னும் அதிகமாகச் சேரும். பழைய கைலி ஒன்றைப் போர்த்தி, பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுங்கள். மறுநாள் வேலையும் பள்ளியும் முடிந்து எல்லாரும் வீடு திரும்பும்போது, அது முதல் வண்டிக்குத் தயாராக இருக்கும்.