குழிப்புண்ணுக்குள் இறங்கும் ஜெல்

உள்ளங்காலில் முதலில் ஓர் ஆணி தடிக்கிறது. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன கால் என்பதால் வலி தெரிவதில்லை. நடக்க நடக்க ஆணிக்கு அடியில் சதை நைந்து குழி விழுகிறது. சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிக் கால்புண்ணுக்கு ஆளாகலாம் என்கிறது 2017-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வுரை.

மேலே பார்த்தால் நாணயம் அளவுதான் இருக்கும். உள்ளே தசைநாண் வரை, சில சமயம் எலும்பு வரை, பக்கவாட்டில் சந்து சந்தாக ஓடியிருக்கும். மேலே போடும் கட்டுத்துணி அந்தச் சந்துகளை எட்டுவதில்லை. சிரிஞ்சில் அடைத்துப் புண்ணுக்குள் செலுத்தும் ஹைட்ரோஜெல்லின் முதல் பலம், அது அங்கெல்லாம் போய் நிரம்புவது.

ஹைட்ரோஜெல் என்பது நிறைய நீரைப் பிடித்துவைக்கும் பாலிமர் வலை. 1960-ல் பிராக் நகரத்து வேதியியலாளர்கள் ஓட்டோ விக்டர்லே, டிராஹோஸ்லாவ் லீம் இருவரும் எழுதிய கட்டுரைதான் இத்துறைக்குத் தொடக்கம். மென்மையான காண்டாக்ட் லென்ஸ் அதிலிருந்தே வந்தது.

கெட்டியான ஜெல் மெல்லிய குழாய் வழியே எப்படி வரும்? அழகான வேதியியல் இது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் அமீன் தொகுதிகள் உண்டு. ஆக்சிஜனேற்றிய டெக்ஸ்ட்ரானில் ஆல்டிஹைடு தொகுதிகள் உண்டு. இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலையாகின்றன. அந்தப் பிடி நிரந்தரமல்ல. அழுத்தும்போது விட்டுக்கொடுக்கும், அழுத்தம் நின்றதும் மறுபடி பற்றிக்கொள்ளும். ஃபீனைல்போரானிக் அமிலத்தால் கட்டிய வலைகள் இன்னும் ஒரு படி மேல். குளுக்கோஸ் வந்து அமிலத்தோடு ஒட்டிக்கொள்வதால் பழைய பிணைப்புகள் அவிழ்கின்றன. ஆக, சர்க்கரை ஏறிய புண்ணில் மருந்து கூடுதலாகக் கசியும்.

இவ்வளவும் ஏன்? ஆறாத புண்ணில் மேக்ரோஃபேஜ் செல்கள் கிருமியோடு சண்டையிடும் நிலையிலேயே தேங்கிவிடுகின்றன. சதையைக் கட்டியெழுப்பும் வேலைக்கு மாறுவதில்லை. அந்த மாற்றத்தைத் தூண்டவே ஜெல்லுக்குள் மருந்துகளை ஏற்றுகிறார்கள்.

ஆனாலும் இந்த ஜெல்களின் சோதனை முடிவுகளை நிதானமாகவே படிக்க வேண்டும். பெரும்பாலானவை எலியில் கிடைத்தவை. எலித்தோலின் அடியில் உள்ள மெல்லிய தசை புண்ணைச் சுருக்கியே மூடிவிடும். நம் காலில் புதுச் சதை வளர்ந்துதான் ஆக வேண்டும். 1997-ல் அமெரிக்கா அனுமதித்த பெகாப்ளெர்மின் என்ற தடவு ஜெல்லையே பாருங்கள். வளர்ச்சிக் காரணி கொண்ட அந்த மருந்தால், முக்கியமான சோதனையில் 20 வாரங்களில் முழுதாக ஆறியவர்கள் 50 சதவீதம். மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் 35.

இத்தகைய புண்கள் ஆறாமல் போவதற்கு ஒரு பெரிய காரணம் பாதத்தில் ஏறும் பாரம். வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களுக்கு வைத்தியம் பார்த்த பால் பிராண்ட், புண்ணை உண்டாக்குவது உணர்விழந்த இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று காட்டினார். 1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபின், பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டு அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கும் பரவியது. இன்றும் உள்ளங்கால் புண்ணுக்கு அதுவே முதல் தர வைத்தியம். எனவே எந்தப் புது ஜெல்லின் சோதனை அறிக்கை வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அந்த நோயாளிகளின் பாதத்திலிருந்து பாரத்தை இறக்கினார்களா?