குளத்து நீரும் கழுவும் இயந்திரமும்

2015 நவம்பரில் பெய்த பெருமழை கடலூர் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியது. அத்தகைய வெள்ளம் வடிந்தபின் டிராக்டரிலும் களத்திலும் தறிக்கூடத்துத் தரையிலும் சேறு இறுகிவிடும். குழாயில் நீர் வாராத அவ்வேளையில், குளத்து நீரைக் கொண்டே பிரஷர் வாஷரை இயக்க நேரும்.

இவ்வியந்திரம் நீரைத் தள்ளுவதில் வல்லது. இழுப்பதில் வலிமை குன்றியது. காற்றின் அழுத்தம் நீரைச் சுமார் 10 மீட்டர் உயரம்வரை தாங்கும் என்பது பௌதிக விதி. ஆயினும் சிறு வாஷர்கள் பல அரை மீட்டருக்கு மேல் இழுக்கமாட்டா; சில, குழாய் அழுத்தமின்றி இயங்கவேமாட்டா. ஆதலால் இயந்திரத்துடன் வரும் குறிப்பேட்டை முதலில் படித்தறிதல் வேண்டும்.

கரை உயரமாயின், இறைப்பு எஞ்சினால் பீப்பாயை நிரப்பி, வண்டல் படியவிடுக. பீப்பாய் மேடைமேல் இருத்தல் நன்று. அடி நீரை விடுத்து மேல் நீரையே எடுக்க. உறிஞ்சுங் குழாய் சுருங்காத் தடிப்புடையதாயும், முனையில் வடிகட்டியும் புட்வால்வும் உடையதாயும் இருத்தல் வேண்டும். முடுக்குமுன் குழாயை நீரால் நிரப்பிக் காற்றைப் போக்குக. பம்பின் உள்ளுறுப்புகளைக் குளிர்விப்பது நீரே. நீரின்றி ஓடினால் அவை வெந்து கெடும்.

உப்பனாறு போன்ற உவர்நீரைத் தவிர்க்க. நேர்ந்தால் முடிவில் நன்னீரை ஓடவிடுக. மருந்து தெளிப்பான்களைக் கழுவிய நீர் குளத்தில் சேரலாகாது. ஈரத் தரையில் மின்கம்பியைக் கிடத்தற்க.

ஒருவர் தனித்து வாங்க அரிதாயின், சங்கத்தின் பொதுவுடைமையாக ஓர் இயந்திரமும் பீப்பாயும் வைத்திருப்பின், அடுத்த மழைக்கு அங்கத்தினர் அனைவர்க்கும் உதவும்.