கல்லீரல் கட்டிக்கு ரத்தம் எந்த வழியாக வருகிறது?



"கல்லீரலில் கட்டி என்று ஒரு ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். மறுபடியும் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எல்லாம் கமிஷன் வேலை!" மளிகைக் கடை நண்பர் ஒருவர் என்னிடம் கோபமாகச் சொன்னது இது. நானும் அவருடன் டாக்டரிடம் போய் விளக்கம் கேட்டேன். நம் உறுப்பினர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கல்லீரலுக்கு இரண்டு வழிகளில் ரத்தம் வருகிறது. சுமார் முக்கால் பங்கு, குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக. மீதி, இதயத்திலிருந்து சுத்த ரத்தம் கொண்டுவரும் கல்லீரல் தமனி வழியாக. ஆனால் கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் தமனியிலிருந்துதான் ரத்தம் எடுக்கிறது. நம் பாஷையில் சொன்னால், கடைக்கு இரண்டு மண்டியிலிருந்து சரக்கு வருகிறது. கட்டிக்குக் கொள்முதல் ஒரே மண்டியில்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஸ்கேன். கை ரத்தக் குழாயில் அயோடின் கலந்த மருந்தை வேகமாகச் செலுத்தி, நேரம் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். சுமார் 35 விநாடியில் மருந்து தமனி வழியாக வந்து கட்டி வெள்ளையாகப் பளிச்சிடும். 70 விநாடி வாக்கில் கல்லீரல் முழுவதும் வெளுக்கும். அப்போதோ, சில நிமிடம் கழித்து எடுக்கும் படத்திலோ கட்டி மட்டும் கறுத்துத் தெரியும். ஈரல் சுருக்க நோய் உள்ளவருக்கு இந்த அடையாளம் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் ஊசி குத்திச் சதை எடுக்காமலே நோயை உறுதி செய்துவிடலாம்.

அறுவைக்கு இடமில்லாத சிலருக்கு, தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளையில் மருந்தைக் கொடுத்து அடைத்துவிடுகிறார்கள். தக்க நோயாளிகளுக்கு இதனால் ஆயுள் நீடிக்கிறது என்று 2002இல் பார்சிலோனா, ஹாங்காங் ஆய்வுகள் காட்டின. ஆனால் போர்ட்டல் சிரை ஏற்கெனவே அடைபட்டிருந்தால், தமனியையும் அடைக்கும்போது கல்லீரலே பட்டினியாகிவிடும். சிலருக்குத் தமனி வேறு இடத்திலிருந்து கிளைப்பதும் உண்டு. கிளை தவறினால் மருந்து பித்தப்பைக்கோ இரைப்பைக்கோ போய்விடும். படம் பார்க்காமல் கை வைக்க முடியாது.

சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஊசி மருந்து அலர்ஜி இருந்தால் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மளிகைக் கடை என்றதும் டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: பூஞ்சணம் பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளத்தில் உண்டாகும் அஃப்லடாக்சின் நச்சும் ஈரல் புற்றுநோய்க்கு ஒரு காரணமாம். நாம் கவனிக்க வேண்டிய சமாச்சாரம்.

நண்பர் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். சிரையில் அடைப்பில்லை. குழாய் வழிச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.