பூங்காவை நிர்வகிக்கவும் ஒரு டிகிரியா? பெங்களூரு காட்டும் பதில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு முறை கப்பன் பூங்கா பக்கம் போய்ப் பாருங்கள். உள்ளே கார், பைக்குக்கு அனுமதி இல்லை. ஓடுபவர்கள், நாயோடு வந்தவர்கள், ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகள், ரீல்ஸ் எடுக்க வந்தவர்கள், மூங்கில் நிழலில் சும்மா உட்கார வந்தவர்கள் என்று எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

இவர்களில் யாருக்கு எந்த இடம்? நாய் எதுவரை வரலாம்? குப்பைத்தொட்டி எத்தனை அடிக்கு ஒன்று? கழிப்பறை எத்தனை மணிக்குத் திறக்கும்? பழைய மரத்தின் கிளை முறியப்போகிறதா என்று பார்ப்பது யார்?

இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் தேடுவதே ஒரு தனிப் படிப்பு. ஆங்கிலத்தில் ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் மேனேஜ்மென்ட்’ என்பார்கள். தமிழில் பூங்கா மற்றும் பொழுதுபோக்கு மேலாண்மை. ஐ.டி. வேலையில் அலுத்துப்போய் ‘பச்சையாக ஏதாவது செய்யணும்’ என்று யோசிப்பவர்களும், பிளஸ் டூ முடித்த தம்பி தங்கைக்கு வழி தேடுபவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்தப் படிப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள்?

அமெரிக்காவில் இது நன்கு வேரூன்றிய துறை. கிளெம்சன், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம், பென் ஸ்டேட் போன்ற இடங்களில் இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை படிக்கலாம். பல இடங்களில் சுற்றுலாவும் இதே துறைக்குள் வந்துவிடும். இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தர தனி அமைப்பு உண்டு. 1965-ல் உருவான தேசிய பொழுதுபோக்கு மற்றும் பூங்கா சங்கம், வேலையில் இருப்பவர்களுக்குச் சான்றிதழ் தேர்வுகளும் நடத்துகிறது.

பாடத்திட்டத்தில் தாவரவியல் ஒரு சின்னப் பகுதிதான். பட்ஜெட் போடுவது, ஒப்பந்தம் எழுதுவது, கூட்டத்தைக் கையாள்வது, விபத்து அபாயத்தை மதிப்பிடுவது, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற வடிவமைப்பு, மக்களிடம் சர்வே எடுப்பது, முதியவர்களுக்கும் குழந்தைகளுக்குமான நிகழ்ச்சிகளைத் திட்டமிடுவது என்று பட்டியல் நீளும். கடைசியில் கட்டாயக் களப்பயிற்சி வரும். சுருக்கமாகச் சொன்னால், செடியைவிட மனிதர்களைப் பற்றிய பாடமே அதிகம்.

பெங்களூரின் பூங்காக்களை இதுவரை யார் பார்த்துக்கொண்டார்கள்?

தாவரம் படித்தவர்கள். லால்பாக்கை 1760-ல் ஹைதர் அலி தொடங்கினார். கப்பன் பூங்கா 1870-ல் உருவானது. அதைத் திட்டமிட்டவர் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி.

1908-ல் லால்பாக் பொறுப்புக்கு வந்தவர் ஜெர்மானியரான ஜி.எச். கிரும்பிகல். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் அனுபவம் பெற்றவர். ஆண்டின் ஒவ்வொரு பருவத்திலும் நகரின் ஏதோ ஒரு சாலை பூத்திருக்க வேண்டும் என்று மரங்களைத் தேர்ந்தெடுத்து நட்ட பெருமை அவருடையது. அவருக்குப் பிறகு எச்.சி. ஜவராயா வந்தார். பின்னர் வந்த எம்.எச். மரிகவுடா, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். மரம் எது, மண் எது என்று அறிந்தவர்கள் கையில் நகரம் வளர்ந்ததால்தான் அதற்குத் ‘தோட்ட நகரம்’ என்ற பெயர் நிலைத்தது.

இன்றும் கப்பன் பூங்காவும் லால்பாக்கும் மாநிலத் தோட்டக்கலைத் துறையின் கையில் இருக்கின்றன. தெருமுனைப் பூங்காக்கள் 1,200-க்கும் மேல். அவை மாநகராட்சியின் பொறுப்பு. 2025 செப்டம்பரில் பிபிஎம்பி கலைக்கப்பட்டு, பெருநகர பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. அதனால் உங்கள் தெருப் பூங்காவில் விளக்கு எரியவில்லை என்றால், எந்த மாநகராட்சி என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவருக்கு எவ்வளவு இடம்?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். லால்பாக் 240 ஏக்கர். கப்பன் பூங்கா சுமார் 300 ஏக்கர். இரண்டும் சேர்ந்து 540 ஏக்கர், அதாவது ஏறக்குறைய 21.85 லட்சம் சதுர மீட்டர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் இருந்தவர்கள் 84 லட்சம் பேர். வகுத்தால் ஒருவருக்கு 0.26 சதுர மீட்டர்.

புரியும்படி சொன்னால், அரை மீட்டருக்கு அரை மீட்டர் தரை ஓடு ஒன்று. அதில் நிற்கலாம், உட்காரவே சிரமம். அதுவும் 2011 கணக்கு. அதற்குப் பின் நகரத்துக்கு வந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்!

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல், ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. இதில் தெருமுனைப் பூங்கா, மைதானம் போன்றவையும் சேரும் என்பதால் இரண்டு பெரிய பூங்காக்களை மட்டும் வைத்து ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஆனாலும் 84 லட்சம் பேருக்குப் பத்துப் பத்து சதுர மீட்டர் என்றால் 84 சதுர கிலோமீட்டர் வேண்டும். சுமார் 700 சதுர கிலோமீட்டர் நகரத்தில் அது எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அவ்வளவு நிலத்தைப் புதிதாக எங்கே போய் வாங்குவது? ஆகவே, இருக்கிற இடத்தை எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியும் என்பதுதான் கேள்வி. இங்கேதான் மேலாண்மை தேவைப்படுகிறது.

நிர்வாகம் என்றால் நடைமுறையில் என்ன?

மூன்று உதாரணங்கள், மூன்றும் பெங்களூரில் நடந்தவை.

முதலாவது, நேரம். மாநகராட்சிப் பூங்காக்கள் முன்பு காலை 5 முதல் 10 மணி வரை, பிறகு மதியம் 1.30 முதல் இரவு 8 மணி வரை மட்டுமே திறந்திருக்கும். காலை நடைப்பயிற்சிக்காரர்களுக்கு வசதிதான். ஆனால் 11 மணிக்கு இரண்டு வீட்டு வேலைக்கு நடுவே கொஞ்சம் உட்கார நினைக்கும் அக்காவுக்கும், ஆர்டருக்குக் காத்திருக்கும் டெலிவரி தம்பிக்கும் பூட்டிய கேட்தான். 2024-ல் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்து வைக்க முடிவானது. ஒரு செடிகூட நடாமல் பூங்காவைப் ‘பெரிதாக்கிய’ முடிவு இது. முன்பு நாளுக்கு பதினொன்றரை மணி நேரம், இப்போது 17 மணி நேரம். ஆனால் கூடுதல் நேரத்துக்குக் காவலர், விளக்கு, கழிப்பறைப் பராமரிப்பு வேண்டும். அந்தச் செலவைக் கணக்கிட ஆள் வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. 2024 செப்டம்பரில் மல்லேஸ்வரத்தில், மாநகராட்சி விளையாட்டு மைதானத்தின் இரும்பு கேட் விழுந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். விளையாடப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை. இதில் தாவரவியலுக்கு எந்த வேலையும் இல்லை. கேட்டின் கீல், ஊஞ்சலின் சங்கிலி, சறுக்குமரத்தின் அடியில் உள்ள தரை ஆகியவற்றை யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதே விஷயம். அமெரிக்காவில் ‘விளையாட்டுத் திடல் பாதுகாப்பு ஆய்வாளர்’ என்று தனிச் சான்றிதழே இருக்கிறது. விளையாட்டுச் சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஆறு அடிக்கு, விழுந்தால் அடிபடாத தரை வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டுதல். உங்கள் அபார்ட்மென்ட் பிளே ஏரியாவில் இந்த ஆறு அடி இருக்கிறதா? இன்றைக்கே அளந்து பாருங்கள்.

மூன்றாவது, சட்டம். ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட மனையை, முதலமைச்சரின் உத்தரவின் பேரில், மருத்துவமனை கட்ட ஒரு தனியார் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். அப்பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். பி.எஸ். முத்தப்பா வழக்கு என்று அறியப்படும் அதில், 1991-ல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீடு செல்லாது என்றது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் மக்களுடையது, அதைத் தனியாருக்கு மாற்றிவிட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். இந்தியாவில் எங்கே பூங்கா நிலம் கைமாறினாலும் இன்றுவரை வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. கர்நாடகத்தில் 1975, 1985 ஆண்டுகளின் பூங்காப் பாதுகாப்புச் சட்டங்களும் இருக்கின்றன. எல்லை எதுவரை, ஆவணம் எங்கே என்று தெரிந்த நிர்வாகி இருந்தால் பாதி வழக்குகளுக்குத் தேவையே இருக்காது.

இந்தியாவில் எங்கே படிக்கலாம்?

இந்தப் பெயரிலேயே டிகிரி தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே இது பல துறைகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே நுழையப் போகிறீர்கள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

செடி, மண், நீர் என்றால் நான்கு ஆண்டு பி.எஸ்சி. தோட்டக்கலை. கர்நாடகத்தில் பாகல்கோட் தோட்டக்கலை அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு பெங்களூரிலும் கல்லூரி உண்டு. தமிழ்நாட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோவை, பெரியகுளம் கல்லூரிகள். வனவியலுக்கு மேட்டுப்பாளையம்.

வடிவமைப்பு என்றால் பி.ஆர்க். முடித்துவிட்டு நிலத்தோற்றக் கட்டடக்கலையில் முதுகலை. டெல்லி, போபால் எஸ்.பி.ஏ.க்கள், அகமதாபாத் செப்ட் ஆகியவை அறியப்பட்ட இடங்கள்.

காடு, வனவிலங்கு, சூழல் சுற்றுலா என்றால் போபாலின் இந்திய வன மேலாண்மை நிறுவனம், டேராடூனின் இந்திய வனவிலங்கு நிறுவனம். பெங்களூரிலேயே என்.சி.பி.எஸ். நடத்தும் வனவிலங்கு உயிரியல் முதுகலையும், ஏட்ரீயின் ஆய்வுப் படிப்பும் இருக்கின்றன.

நகரக் கொள்கை என்றால் பெங்களூரின் ஐ.ஐ.எச்.எஸ். விளையாட்டு, உடற்பயிற்சி நிகழ்ச்சிகள் என்றால் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம்.

வேலையில் இருந்துகொண்டே துறை மாற நினைத்தால், உங்கள் இப்போதைய திறமையை விட்டுவிடாதீர்கள். வரைபட மென்பொருள், டேட்டா, ஒப்பந்த மேலாண்மை தெரிந்தவர்கள் பூங்காத் துறையில் குறைவு.

வெளிநாடு போகலாமா?

போகலாம், கணக்குப் போட்டுவிட்டு. அமெரிக்காவில் இந்த வேலைகள் பெரும்பாலும் நகராட்சி, கவுண்டி, மாநில அரசுகளிடம் இருக்கின்றன. தேசியப் பூங்காச் சேவையின் நிரந்தர வேலைக்குப் பொதுவாக அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும். இன்னொன்று, படிப்பு முடிந்ததும் கிடைக்கும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதம். ஸ்டெம் படிப்புகளுக்கு மட்டுமே மேலும் 24 மாதம். பொழுதுபோக்கு மேலாண்மை என்ற பெயரிலான படிப்பு பொதுவாக ஸ்டெம் பட்டியலில் வருவதில்லை. இயற்கை வள மேலாண்மை என்ற வகைப்பாட்டில் உள்ளவை வரலாம். கடன் வாங்கும் முன் பல்கலைக்கழகத்திடம் படிப்பின் சிஐபி குறியீடு என்ன என்று மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் சிங்கப்பூர் இருக்கிறது. அங்கே பூங்கா, தெரு மரம், இயற்கைக் காப்பகம் எல்லாம் தேசியப் பூங்காக் கழகம் என்ற ஒரே குடையின் கீழ். நகர்ப்புறப் பசுமைக்கெனத் தனிப் பயிற்சி மையமும் அதற்கு உண்டு.

வேலை எங்கே?

அரசில் தோட்டக்கலை அலுவலர் பணிகள். கர்நாடகத்தில் கே.பி.எஸ்.சி., தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரும், அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் போன்ற சூழல் சுற்றுலா நிறுவனங்கள், ரிசார்ட்கள், டெக் பார்க்குகளின் ஃபெசிலிட்டி பிரிவு, லேண்ட்ஸ்கேப் நிறுவனங்கள், ஏரி மீட்பு அமைப்புகள் ஆகியவை மற்ற வாசல்கள். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் தொடக்கத்தில் கையைக் கடிக்கும். அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் செலவில்லாத ஒரு பரீட்சை இருக்கிறது. உங்கள் தெருப் பூங்காவுக்கு ஒரு வாரம், ஒரு நோட்டோடு போங்கள். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, எந்த பெஞ்ச் எப்போதும் காலி என்று எழுதுங்கள். அந்த பெஞ்ச் ஏன் காலியாக இருக்கிறது என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் உங்களைத் தொந்தரவு செய்தால், இந்தப் படிப்பு உங்களுக்கானது.