பிள்ளையை எங்கே சேர்ப்பது? பெருந்துறைப் பெற்றோரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

சித்திரை பிறந்தால் பெருந்துறை வட்டாரத்தில் தறிக்கூடத்திலும், சிப்காட் ஷிப்ட் பஸ்ஸிலும், கல்யாணப் பந்தியிலும் பேச்சு ஒன்றுதான்: பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது? ஒரு பக்கம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளும் அரசு மேல்நிலைப்பள்ளிகளும். நடுவில் அரசு உதவி பெறும் பள்ளிகள். இன்னொரு பக்கம் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் மஞ்சள் வேன்கள். பதாகை கட்டி விளம்பரம் செய்யும் பள்ளியைப் பற்றிய தகவல் வீடு தேடி வந்துவிடுகிறது. பெற்றோருக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமைகளை வீடு தேடி வந்து சொல்ல ஆளில்லை. அதனால் கட்ட வேண்டாத பணத்தைக் கட்டுகிறவர்களும், தேவையில்லாத காகிதத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைகிறவர்களும் நம்மிடையே நிறைய. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

"டி.சி. இல்லீன்னா சேத்துக்க மாட்டாங்களாமே, நெசமுங்களா?"

எட்டாம் வகுப்பு வரை அப்படிச் சொல்ல எந்த அரசுப் பள்ளிக்கும், அரசு உதவி பெறும் பள்ளிக்கும் உரிமை இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ் தரத் தாமதித்தால், அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. தாமதிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு முதல் டி.சி. வேண்டும். கட்டணப் பாக்கி இருப்பதால் டி.சி. தர மாட்டோம், அல்லது பாக்கி என்று அதிலேயே எழுதித் தருவோம் என்று மிரட்டும் வழக்கம் இருக்கிறது. கட்டணம் வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அதை வசூலிக்க நிர்வாகத்துக்கு வேறு சட்ட வழிகள் உண்டு. பிள்ளையின் படிப்பைப் பிணையாகப் பிடித்துவைப்பது அந்த வழிகளில் சேராது.

"பொறந்த சர்ட்டிபிகேட்டும் ஆதாரும் கேக்கறாங்க. ரெண்டுமே எடுக்கலீங்க."

வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின் வாசகமே அதுதான். மருத்துவமனைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவேடு, அதுவும் இல்லாவிட்டால் பெற்றோர் எழுதித் தரும் உறுதிமொழி போதும். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. இரண்டையும் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல உதவிகளுக்குத் தேவைப்படும். ஆனால் அவை கைக்கு வரும் வரை குழந்தை வீட்டில் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

"எங்க லைன் வீட்டுல ஒடிசாக்காரங்க குடியிருக்காங்க. அவுங்க பிள்ளைகளைச் சேத்துவாங்களா?"

சேர்த்தே ஆக வேண்டும். 6 முதல் 14 வயது வரை உள்ள "ஒவ்வொரு குழந்தைக்கும்" என்றுதான் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டுக் குழந்தை, வெளிமாநிலக் குழந்தை என்று அது பிரிக்கவில்லை. ரேஷன் அட்டை எந்த மாநிலத்தது என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

ஒன்பது வயதாகியும் பள்ளியே பார்க்காத பிள்ளை என்றால் ஒன்றாம் வகுப்பில் சின்னக் குழந்தைகளோடு உட்கார வைக்க வேண்டியதில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. 14 வயது கடந்துவிட்டாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை இலவசக் கல்வி தொடரும்.

ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் குடும்பங்களின் உழைப்பில்தான் சிப்காட்டின் பல ஆலைகள் ஓடுகின்றன. அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போனபின் அந்தப் பிள்ளைகள் அறையில் பூட்டிக்கிடப்பதையும், மூத்தவள் தம்பியை இடுப்பில் சுமந்து திரிவதையும் நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களுக்குத் தமிழ் வராதே என்று தயங்க வேண்டாம். சேர்ந்து விளையாடும் குழந்தைகளிடம் மொழி வெகு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். வீட்டு உரிமையாளர்களும் ஆலைக் கண்காணிப்பாளர்களும் அந்தப் பெற்றோரைக் கையோடு பக்கத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும்.

"ஒன்றியப் பள்ளியில ரெண்டே டீச்சர். அஞ்சு கிளாசுக்கு ரெண்டு பேரு எப்படிங்க சொல்லித் தருவாங்க?"

இந்தச் சந்தேகம் நியாயமானது. இதற்குப் பூசி மெழுகிப் பதில் சொல்லக் கூடாது.

சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப்பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர். கணக்குப் பார்த்தால் 30 பேருக்கு ஒருவர். ஆனால் 40 பிள்ளைகள் ஐந்து வகுப்பில் பரவிக் கிடக்கும் பள்ளியில், ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட, இத்தகைய பள்ளிகளுக்கும் உதவும் வகையில், வகுப்பு வாரியாக அல்லாமல் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022இல் அரசு தொடங்கியது. பயிற்சி நூல்களும் அதற்கேற்றாற்போல மாறின. இருந்தாலும், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாட்டுக்கு இது ஈடாகாது என்பதே என் கருத்து. அட்டவணையில் இருப்பது குறைந்தபட்ச அளவு. அதோடு திருப்தி அடைய வேண்டும் என்று எந்தச் சட்டமும் அரசைக் கட்டுப்படுத்தவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறைகிறது. பணியிடம் குறைந்தால் இன்னும் நாலு பெற்றோர் வேனைப் பிடிக்கிறார்கள். இந்தச் சுழலில் முதலில் அடிபடுவது வேனுக்குப் பணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். ஆகவே முடிவெடுக்கும் முன் ஒரு முறை உள்ளூர்ப் பள்ளிக்கு நேரில் போய்ப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்கிறதா, கழித்தல் கணக்குப் போடுகிறதா, தலைமையாசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரிகிறதா என்று பாருங்கள். தனியார் பள்ளிக்குப் போனாலும் இதே மூன்றைத்தான் பார்க்க வேண்டும். கட்டடத்தின் உயரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளூர்ப் பள்ளியின் பக்கம் இன்னொன்றும் உண்டு: காலை உணவு. அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும், 2024, 2025ஆம் ஆண்டுகளில் படிப்படியாக உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. விடியற்காலை ஷிப்டுக்குப் போகும் தாய்மார் நிறைந்த இந்த ஊருக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அந்தத் தாய்மாரே சொல்வார்கள்.

"மெட்ரிக் படிப்புன்னா சிலபஸ் ஒசத்தியா?"

இல்லை. தமிழ்நாடு சீரான பள்ளிக் கல்வி முறைச் சட்டம் 2010இல் வந்தது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்ன பிறகு, மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்று, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ஒன்று. ஆங்கிலவழிதான் வேண்டும் என்றால் அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. சி.பி.எஸ்.இ. மட்டும் தனிப் பாடத்திட்டம். தமிழ்நாட்டில் நடக்கும் எந்தப் பள்ளியானாலும் தமிழைப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய விதி.

"தனியார் பள்ளியில 25 சதம் இலவச இடம் உண்டுங்களாமா?"

உண்டு. சிறுபான்மையினர் நடத்தாத, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில், அதாவது எல்.கே.ஜி.யிலோ ஒன்றாம் வகுப்பிலோ, நான்கில் ஒரு பங்கு இடங்களை இதற்கு ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நலிந்த பிரிவினரும், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், தூய்மைப் பணியாளரின் பிள்ளைகள் ஆகியோர் இரண்டாவது பிரிவில் வருகிறார்கள். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் முக்கியம். விண்ணப்பங்கள் இடங்களை மீறினால் குலுக்கல்.

இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கேட்டால் அது பள்ளியின் தவறாகாது. அந்தக் கட்டணத்தைத் தாங்க முடியுமா என்று எல்.கே.ஜி.யில் சேர்க்கும்போதே யோசிக்க வேண்டும். இரண்டாவது, சேர்க்கைக் காலம் எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இந்த இடங்களின் கட்டணத்துக்கும் பயன்படும் சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்ததால், 2025 கோடையில் நடக்க வேண்டிய சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. இரண்டு அரசுகளின் சண்டையில் நாலு வயதுக் குழந்தையின் இடம் மாதக்கணக்கில் தொங்கியது ஏற்கவே முடியாத ஒன்று.

"டொனேஷன் கேட்டா குடுத்துத்தான் ஆகோணுமா? எனக்கே இன்டர்வியூ வெக்கறாங்க!"

கொடுக்க வேண்டியதில்லை. நன்கொடை வாங்குவதையும், சேர்க்கைக்கு முன் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு செய்து வடிகட்டுவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. நன்கொடை வாங்கினால் அந்தத் தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம். வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 வரையும் அபராதம் விதிக்கலாம்.

தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறது. குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். கட்டியதற்கெல்லாம் ரசீது வாங்குங்கள். கூடுதல் வசூல் நிரூபணமானால் பள்ளியின் அங்கீகாரத்தை ரத்து செய்யப் பரிந்துரைக்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ரசீது இல்லாத புகார் நிற்காது.

"ஆறாவதுக்குத் தனியார் பள்ளிக்கு மாத்தலாமுன்னு இருக்கறோம்."

மாற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இது கிடையாது. நம் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்பே அளவுகோல். உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோர் இந்த உதவித்தொகையைப் பெறலாம். நடுவில் இரண்டு ஆண்டு தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பினால் இவை எல்லாமே கைநழுவலாம்.

"எட்டாவதுல பெயில் போடுவாங்களாமே?"

மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளில் கொண்டுவந்த மாற்றம் அது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. இங்கு எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி தொடர்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு விலக்கப்பட்டுவிட்டது.

"மகன் மான்செஸ்டர் பக்கம் இருக்கறானுங்க. பேத்தியைச் சேத்த அங்க எப்படி?"

இங்கிலாந்தில் மான்செஸ்டர், லீட்ஸ், பர்மிங்காம் உள்ளிட்ட நகரங்களைச் சுற்றி, பள்ளிச் சேர்க்கையையும் கவனிக்கும் 36 பெருநகர மன்றங்கள் 1974 முதல் இயங்குகின்றன. பள்ளி பள்ளியாக அலைய வேண்டாம். பிடித்த பள்ளிகளை வரிசைப்படுத்தி, வசிக்கும் பகுதியின் மன்றத்துக்கு ஒரே விண்ணப்பம். தொடக்கப்பள்ளிக்கு ஜனவரி 15, பதினொரு வயதில் தொடங்கும் இடைநிலைப் பள்ளிக்கு முந்தைய அக்டோபர் 31 கடைசி நாள். இடம் போதாவிட்டால் பெரும்பாலும் அண்ணன் அக்கா படிக்கும் பள்ளியா, வீடு எவ்வளவு பக்கம் என்று பார்ப்பார்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். ஏழு வயது வரையிலான குழந்தைகளின் வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகளுக்கு மேல் கூடாது. அந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கட்டணமில்லாத பொதுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பள்ளியில் குறை என்றால் தெருவே திரண்டு கேட்க வேண்டும். நமக்குத் தேவைப்படுவதும் அதுவே.

"இதெல்லாம் யாருகிட்டச் சொல்றதுங்க?"

தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். பெருந்துறை, சென்னிமலை ஒன்றியங்களுக்குத் தனித்தனி அலுவலகம். தனியார் பள்ளி என்றால் அதற்கென உள்ள மாவட்டக் கல்வி அலுவலர். அதற்கும் மேலே ஈரோட்டில் முதன்மைக் கல்வி அலுவலர். புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தொலைபேசியில் கேட்க 14417.

எல்லாவற்றுக்கும் முன்னால் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். ஆசிரியர் பற்றாக்குறை, கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என எதையும் அங்கே தீர்மானமாக எழுதி மேலே அனுப்பலாம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அடுத்த கூட்டம் எந்த நாளில் என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டாவது போய் உட்காருங்கள்.