மண்ணின் உஷ்ணமும் உரத்தின் ஆயுளும்

அமெரிக்க தேசத்தின் அயோவா, இல்லினாய்ஸ் மாகாணங்களில் மக்காச்சோள அறுவடை முடிந்த கையோடு, அடுத்த வசந்தத்தில் விதைக்கப்போகும் பயிருக்கு வேண்டிய நைட்ரஜன் உரத்தைக் குளிர்காலத்துக்கு முன்பே நிலத்துக்குள் செலுத்திவிடும் வழக்கம் குடியானவர்களில் பலரிடம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. வசந்தத்தில் மழையும் விதைப்பும் ஒருசேர வந்து நெருக்குமாதலால், அவர்களுடைய அவசரத்தில் நியாயம் உண்டு. ஆயினும், நான்கு அங்குல ஆழத்தில் மண்ணின் உஷ்ணம் 50 டிகிரி பாரன்ஹீட்டுக்கு, அதாவது 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி, மேலும் இறங்குமுகமாக இருக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று அங்குள்ள விவசாயக் கலாசாலைகள் வற்புறுத்துகின்றன.

அங்கே பெரிதும் உபயோகமாவது நீரற்ற அம்மோனியா. எடையில் 82 சதவீதம் நைட்ரஜனே ஆகிய இந்த வாயுவை, அழுத்தத்தால் திரவமாக்கித் தொட்டிவண்டியில் இழுத்துச் சென்று, மண்ணைக் கீறும் இரும்புக் கொழுக்களின் பின்னுள்ள குழாய்கள் வழியே ஆறேழு அங்குல ஆழத்தில் பாய்ச்சுகிறார்கள். கீறல் சரியாக மூடாத இடத்தில் வெண்புகை எழும்பி, நெடி மூக்கைத் துளைக்கும். மண்ணின் ஈரத்தோடு கலந்ததும் அது நேர் மின்னேற்றமுள்ள அம்மோனியமாகிறது. களிமண் துகள்களோ எதிர் மின்னேற்றம் உடையவை. ஆகவே மழை பெய்தாலும் அது எளிதில் கரைந்தோடாமல் மண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

ஆனால், 1890-ஐ ஒட்டி வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய விஞ்ஞானி பிரித்தெடுத்துக் காட்டிய சூட்சும ஜீவிகள் அதை அப்படியே விட்டுவைப்பதில்லை. ஒரு வகை அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றிவிட, எதிர் மின்னேற்றமுள்ள அந்த நைட்ரேட், மண்ணில் ஒட்டாமல் ஜலம் போன வழியே போய்விடுகிறது. வெதுவெதுப்பான மண்ணில் சில வாரங்களில் நடந்தேறும் இம்மாற்றம், 10 டிகிரிக்குக் கீழே வெகுவாக மந்தமடைந்தாலும், உறைநிலையை நெருங்கும்போதுதான் அநேகமாக நிற்கிறது. ஆகையால் அந்த 10 டிகிரியைப் பூரண ரட்சையாக நினைப்பது தவறு.

அயோவாவின் வயல்களுக்கு அடியில் ஓடும் வடிகால் குழாய்கள், இவ்வாறு கழன்ற நைட்ரேட்டை ரக்கூன் நதியில் சேர்க்கின்றன. அந்நதியின் நீரைப் பருகும் டெ மாய்ன் நகரம், லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் என்ற சட்ட வரம்பைக் காப்பதற்காகவே தனிச் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கிறது. மிஸ்ஸிஸிப்பி வழியே மெக்சிகோ வளைகுடாவை எட்டும் மிச்சம், கோடையில் பாசியைப் பெருக்கி, அது அழுகும்போது கடலடி நீரில் பிராணவாயு இல்லாமற் செய்கிறது.

முழங்கால் உயரப் பயிரின் அருகே உரமிடுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். பயிர் நைட்ரஜனை மிக வேகமாக உறிஞ்சத் தொடங்குவது அப்போதுதான். அதற்கு வசதியில்லாதவர்கள், நாட்காட்டியைப் பார்த்து வண்டியைப் பூட்டாமல், வெப்பமானியை வயலிலேயே செருகிப் பார்த்து, அடுத்த வாரத்து வானிலையையும் விசாரித்துக்கொண்டு இறங்குவது நலம்.