டிக்கெட் கிடையாது! லண்டன் சர்ச்சில் மத்தியானக் கிடார் கச்சேரி

மத்தியானம் மணி 1-10. லண்டன் பிக்காடிலி தெரு. பஸ்ஸும் டாக்சியும் இரைந்துகொண்டு ஓடுகின்றன. ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குச் சாப்பாட்டு நேரம்.

தெரு ஓரத்தில் செயின்ட் ஜேம்ஸ் சர்ச். இந்த நேரத்தில் உள்ளே இலவசக் கச்சேரி நடத்துவது நெடுநாள் வழக்கம். பியானோ, வயலின், சில நாள் கிடார்.

வாசலில் டிக்கெட் கேட்க ஆள் இல்லை. எந்த மதத்துக்காரரும் போகலாம். பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் கச்சேரி முடிந்துவிடும். ஆபீசுக்குத் திரும்பிவிடலாம்.

மைக் வேண்டாம்

இது சினிமாப் பாட்டில் அதிருகிற எலெக்ட்ரிக் கிடார் அல்ல. ஒயர் இல்லை, பிளக் இல்லை. ஒரு மரப்பெட்டி, 6 தந்தி, அவ்வளவுதான். வாசிப்பவர் இடது காலைச் சின்னப் பலகை மேல் தூக்கி வைத்துக்கொள்கிறார். வலது கை நகத்தால் மீட்டுகிறார். சத்தம் ரொம்பச் சன்னம். யாராவது இருமினால் ஒரு சுரம் போச்சு!

அதற்கு சர்ச்தான் தோது. 1684-ல் திறந்த இந்த சர்ச்சைக் கட்டியவர் கிறிஸ்டோபர் ரென். 2 ஆயிரம் பேர் உட்கார்ந்தாலும் பிரசங்கம் எல்லார் காதிலும் விழவேண்டும் என்பது அவர் கணக்கு. பிரசங்கத்துக்குப் போட்ட கணக்கு கிடாருக்கும் உதவுகிறது.

குண்டு விழுந்தது

1940 அக்டோபர் 14 அன்று இரவு இந்த சர்ச் மீது ஜெர்மன் குண்டு விழுந்தது. பலத்த சேதம். யுத்தம் முடிந்த பிறகுதான் பழுதுபார்த்து எடுத்தார்கள்.

அதே யுத்த காலத்தில், நடந்து போகிற தூரத்தில் உள்ள நேஷனல் காலரியில் ஓர் அதிசயம் நடந்தது. குண்டுக்குப் பயந்து ஓவியங்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். சுவர் காலி. பியானோ கலைஞர் மைரா ஹெஸ் அங்கே மத்தியானக் கச்சேரி ஆரம்பித்தார். கட்டணம் 1 ஷில்லிங். 1939 அக்டோபர் முதல் 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள். கேட்டவர்கள் 8 லட்சத்துக்கும் மேல்! குண்டுவீச்சு கடுமையானபோது கீழ்த்தளத்துக்குப் போய் நடத்தினார்கள். நிறுத்தவில்லை.

கிடார் தந்தியையும் யுத்தம் மாற்றிவிட்டது. முன்பு மிருகக் குடலில் செய்த நரம்புதான் தந்தி. காயத்துக்குத் தையல் போட ஆஸ்பத்திரிக்கு அதே நரம்பு தேவைப்பட்டது. தட்டுப்பாடு வந்தது. பிறகு நைலான் வந்தது. ஸ்பெயின் மேதை செகோவியா அதை ஏற்றுக்கொண்டார். இன்றும் நைலான்தான்.

கிடாருக்கு இடம் இல்லை!

இங்கிலாந்தில் கிடாருக்கு மரியாதை லேசில் கிடைக்கவில்லை. பெரிய மேதையான ஜூலியன் பிரீம் (2020-ல் காலமானார்) ராயல் இசைக் கல்லூரியில் படித்தபோது அங்கே கிடார் பாடமே கிடையாது. "அதை வீட்டில் வைத்துவிட்டு வா" என்றார்களாம்! பியானோவும் செல்லோவும் படித்தார் மனிதர்.

இப்போது கல்லூரியில் கிடார் பாடம் உண்டு. ஆனால் படித்து முடித்த பையனும் பொண்ணும் வாசிக்க ஒரு மேடை வேண்டுமே? பெரிய ஹாலில் வாடகை கட்டி மாளுமா? இந்த மாதிரி மத்தியான மேடைதான் பல பேருக்கு முதல் படி.

தட்டு காத்திருக்கிறது

இலவசம்தான். ஆனால் வெளியே வரும்போது வாசலில் காணிக்கை வாங்க ஏற்பாடு இருக்கும். போடாவிட்டால் யாரும் சட்டையைப் பிடிக்கமாட்டார்கள். எல்லாரும் போடாமல் போனால் அடுத்த கச்சேரி எப்படி நடக்கும்?

லண்டன் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம். கிழமையும் நேரமும் மாறும், விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஒன்று மட்டும். சில்லறையைக் கச்சேரி முடிந்த பிறகு போடுங்கள். நடுவில் போட்டால் காசுச் சத்தத்தில் கிடார் சத்தம் காணாமல் போய்விடும்!